மூடி மேலே பதினேழு கங்கு

போன ஆகஸ்டில், டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கராஜ் சேல் போட்டிருந்தார்கள். பழைய சைக்கிள், பிளாஸ்டிக் நாற்காலி, கிறிஸ்துமஸ் விளக்குச் சரம், இதற்கெல்லாம் நடுவே துருப்பிடித்த ஒரு இரும்புச் சட்டி. அடியில் குட்டையாக மூன்று கால், வாளிக்கு இருப்பது போல ஒரு கம்பிப் பிடி, கனமான மூடி. மூடியின் ஓரம் முழுக்கத் தாம்பாளம் மாதிரி எழும்பிய விளிம்பு. மூடியில் 12 என்று வார்த்திருந்தது. விலை பதினைந்து டாலர்.

சந்தையில் பானை வாங்கும்போது அம்மா விரலால் சுண்டிப் பார்ப்பார். கீறல் இருந்தால் ‘டொக்’ என்று அடைத்த சத்தம் வரும். நல்ல பானை கணீரென்று ஒலிக்கும். அதே போல சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்தேன். கோயில் மணிதான். வாங்கிவிட்டேன்.

இங்கே இதற்கு டச்சு அவன் (Dutch oven) என்று பெயர். தமிழில் எழுதிப் பார்த்தால் யாரோ ஒரு டச்சுக்காரன் மேல் புகார் சொல்வது போல இருக்கிறது, அதனால் சட்டி என்றே சொல்லிவிடுகிறேன். இரும்புப் பாத்திரத்தை மணல் அச்சில் வார்க்கும் முறைக்கு ஆபிரகாம் டார்பி என்பவர் 1707இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அந்த மணல் அச்சு நுட்பத்தை டச்சுக்காரர்களிடம் பார்த்துவிட்டு வந்துதான் செய்தார், பெயர் அப்படி வந்தது என்பார்கள். பெயர் எப்படி வந்திருந்தாலும் டெக்சாஸ்காரர்களுக்கு இந்தச் சட்டி மேல் ஒரு பாசம் உண்டு. 2005இல் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ சமையல் பாத்திரமாகவே அறிவித்துவிட்டார்கள். யூட்டா மாநிலம் 1997லேயே அதைச் செய்துவிட்டது. நம்மூரில் இட்லிக் கொப்பரைக்கு யாரும் இப்படி ஒரு மரியாதை செய்யவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் ஈயம் இருக்கிறதா என்று சோதித்தேன். பழைய இரும்புச் சட்டியில் சிலர் ஈயத்தை உருக்கித் தூண்டில் குண்டு வார்ப்பார்கள். அப்படிப்பட்ட சட்டி கைக்கு வந்தால் என்ன தேய்த்தாலும் சமைக்க உதவாது. ஹார்ட்வேர் கடையில் சோதனைக் குச்சி கிடைக்கிறது. தேய்த்தேன், நிறம் மாறவில்லை. அப்புறம்தான் துருவில் கை வைத்தேன்.

பிளாஸ்டிக் தொட்டியில் இரண்டு கேலன் வெள்ளை வினிகர், இரண்டு கேலன் தண்ணீர். சட்டியையும் மூடியையும் மூழ்க வைத்து அரைமணிக்கு ஒருமுறை எடுத்துக் கம்பிநார் போட்டுத் தேய்த்தேன். ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று விட்டுவிடத்தான் மனசு சொல்லும். விடக்கூடாது. துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பையே அரிக்க ஆரம்பித்துவிடும். இரண்டரை மணி நேரத்தில் சாம்பல் நிறத்தில் வெற்று இரும்பு தெரிந்தது. கழுவித் துண்டால் துடைத்துவிட்டுப் போன் பார்க்கப் போனேன். ஐந்து நிமிடம்தான். திரும்பி வந்தால் மஞ்சள் பூசினாற்போல் மறுபடி துரு! வெற்று இரும்புக்கு அவ்வளவு அவசரம். மறுபடி தேய்த்து, கழுவி, ஈரத்தோடு நேராகச் சமையலறை ஓவனுக்குள் வைத்துச் சூட்டில் காய வைத்தேன்.

அடுத்தது சட்டியைப் பழக்குவது. இதில்தான் முதல் சொதப்பல். எண்ணெய் நிறையப் பூசினால் நிறையப் பிடிக்கும் என்று நினைத்துத் தாராளமாகத் தடவி, 450 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஒரு மணி நேரம் வைத்தேன். புகை அலாரம் அலறியது, மகள் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வெளியே எடுத்த சட்டியில் தேன் சொட்டியது போலப் பழுப்புத் திட்டுகள். தொட்டால் பலாப்பிசின் போல விரலில் ஒட்டியது. எல்லாவற்றையும் சுரண்டி மறுபடி ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

எண்ணெய் அந்தச் சூட்டில் காய்ந்து இறுகி, வார்னிஷ் மாதிரி இரும்போடு ஒட்டிக்கொள்வதுதான் பழக்குவது. அது இறுக வேண்டுமானால் படலம் மெலிசாக இருக்க வேண்டும். இரண்டாம் முறை கனோலா எண்ணெயைத் தடவினேன். அப்புறம் தெரியாமல் தடவிவிட்டோம், எப்படியாவது எடுத்துவிட வேண்டும் என்பது போல அத்தனையையும் துணியால் துடைத்தேன். கண்ணுக்கு எண்ணெயே தெரியவில்லை. சட்டியைக் கவிழ்த்து வைத்து ஒரு மணி நேரம். இப்படி மூன்று தடவை செய்ததும் கறுப்பு ஏறி மினுமினுத்தது.

அன்று ராத்திரி வீடியோ காலில் அம்மாவிடம் காட்டினேன். ஒட்டன்சத்திரத்தில் அப்போது காலை.

“டேய், இதுக்கு எதுக்கு இத்தனை கூத்து? வடிச்ச கஞ்சிய ஊத்தி மூணு நாள் வச்சு, அப்புறம் வெங்காயத்தப் போட்டு வதக்கிக் கொட்டுனா முடிஞ்சது.”

அம்மா சொன்னதைச் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன். கடைசியில் மறுபடி அதுதான் வந்து நின்றது.

*

நவம்பரில் குடும்பத்தோடு கூடாரம் போட்டுத் தங்கும் முகாமுக்குப் போவதற்கு முன் வீட்டுப் பின்கட்டில் ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தக்காளி சாதம் வைத்தேன். கரியை எண்ணித்தான் போட வேண்டும் என்று படித்திருந்தேன். இங்கே பிரிக்கெட் என்று விற்கும் தலையணை வடிவக் கரிக்கட்டிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதால் எண்ணிக்கையே சூட்டின் கணக்கு. பன்னிரண்டு அங்குலச் சட்டிக்கு 350 டிகிரி வேண்டுமானால் 25 கட்டி. அது மண்டையில் ஏறியது. 17 மேலே, 8 கீழே என்ற பாதி மட்டும் ஏறவில்லை. அடுப்பு என்றால் நெருப்பு கீழேதானே? இருபத்தைந்தையும் அடியில் தள்ளிவிட்டேன்.

இருபது நிமிடத்தில் வாசம் மாறியது. மூடியைத் திறக்கலாமென்று சுத்தியலின் பின்பக்கக் கொக்கியை மாட்டித் தூக்கினால், ஒரு பக்கம் சாய்ந்து, மூடி மேல் காற்றில் வந்து படிந்திருந்த சாம்பல் பொலபொலவென்று சோற்றில் கொட்டியது. அடியில் கட்டைவிரல் கனத்துக்குக் காந்தல். நடுவில் குழைவு. மேலே அரிசி நறுக் நறுக்கென்று வேகாமலே கிடந்தது. ஒரே சட்டியில் மூன்று பதம். மனைவி ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, “ஏங்க, பீட்சா சொல்லிடட்டுமா?” என்றாள்.

காந்தலைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் பக்கத்துத் தெரு பாய் வீட்டுக் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு எட்டு வயது இருக்கும். கொல்லையில் ஆளுயரத்துக்கு அடுக்கிய விறகு, மூன்று பிரியாணி அண்டா. அரிசி போட்டுத் தண்ணீர் வற்றியதும் சமையல்காரர் அடியிலிருந்து விறகை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார். அப்புறம் மண்வெட்டியில் கங்கை அள்ளி மூடி மேலே பரப்பினார். சோற்றுக்கு மேலே எதற்கு நெருப்பு என்று கேட்டேன். “தம்முடா தம்பி” என்றார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது.

இந்தச் சட்டியின் மூடி விளிம்பு எதற்கென்று அன்றைக்குத்தான் உறைத்தது. கங்கு உருண்டு விழாமல் இருக்கத்தான். அடியில் மூன்று கால், கீழே கங்குக்கு இடம் விடத்தான். எட்டு வயதில் பார்த்ததையே காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு, அதைக் கேஸ் அடுப்பு மாதிரி நடத்தியிருக்கிறேன்.

அடியில் கரி குறைவாக வேண்டியதற்குக் காரணம் சிக்கலானது இல்லை. சட்டியின் அடி சோற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது, சூடு நேராக ஏறிவிடும். மூடிக்கும் சோற்றுக்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கிறது, அதைத் தாண்டி அனல் இறங்க வேண்டும், அதனால் மேலே இரட்டிப்பு வேண்டும். இன்னொன்று, வார்ப்பிரும்பு சூட்டை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அலுமினியம் போல வேகமாகப் பரப்பாது. கங்கு எங்கே இருக்கிறதோ அந்த இடம்தான் காயும். அதனால் அடிக்கரியை நடுவில் குவிக்காமல், சட்டியின் ஓரத்துக்கு உள்பக்கமாக வளையம் போல வைக்க வேண்டும். நடுவில் குவித்தால் நடுவில் ஒரு தோசை அளவுக்குக் கருகும்.

அடுத்த வாரம் அதே தக்காளி சாதம், கீழே 8, மேலே 17. அடிப்பிடிக்கவில்லை. அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை, நன்றாக இருந்தது.

*

நவம்பர் இரண்டாம் வாரம் இங்க்ஸ் லேக் மாநிலப் பூங்கா. ஆஸ்டினிலிருந்து வடமேற்கே ஒன்றேகால் மணி நேரம். இளஞ்சிவப்புப் பாறைகள் ஏரிக்குள் வழுக்கிக்கொண்டு இறங்கும் இடம். கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: அந்தக் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தீத்தடை இருக்கிறதா என்பது. மழையில்லாத மாதங்களில் தடை போட்டுவிடுவார்கள், அப்போது விறகும் கரியும் பெரும்பாலும் கூடாது, கேஸ் அடுப்பு மட்டும்தான். அந்த வாரம் தடை இல்லை. டெக்சாஸ் மாநிலப் பூங்காக்களில் கீழே கிடக்கும் சுள்ளியைப் பொறுக்கவும் அனுமதி கிடையாது. கரி மூட்டையை வீட்டிலிருந்தே எடுத்துப் போனேன்.

சட்டி மட்டும் ஒன்பது கிலோ. வண்டியை விட்டு நடந்து போய்க் கூடாரம் போடுகிறவர்கள் இதை நினைத்தே பார்க்க வேண்டாம்.

வெள்ளி இரவு பிரெட், ஜாம். சனி மதியம் பிரியாணி. முகாமில் சுலபமாகச் சமைக்க வேண்டுமானால் பாதி வேலையை வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். சின்ன வெங்காயம், இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், பட்டை, கிராம்பு, ஏலம் எல்லாம் சேர்த்து அரைத்த மசாலா ஒரு ஜிப் பையில். ஒரு கிலோ கோழியை வெட்டி, தயிரும் உப்பும் மஞ்சளும் பிசறி இன்னொரு பையில், ஐஸ் பெட்டிக்கு அடியில். மூன்று கப் சீரகச் சம்பா தனியாக. பூங்காவில் போய்க் கத்தியும் பலகையும் எடுத்த வேலை புதினா ஆய்வது மட்டும்தான்.

சிம்னி ஸ்டார்ட்டர் என்ற தகரக் குழாயில் கரியை நிரப்பி அடியில் செய்தித்தாளைக் கொளுத்தினால் பதினைந்து, இருபது நிமிடத்தில் ஓரம் வெளுத்துவிடும். வெளுக்கும் முன் பயன்படுத்தக் கூடாது. மண்ணெண்ணெய் வாசமடிக்கிற, தீக்குச்சி காட்டினாலே பற்றுகிற வகைக் கரியையும் வாங்காதீர்கள். அந்த வாசம் சாப்பாட்டில் ஏறும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாளிக்க, வதக்கத் தம் கணக்கு செல்லாது. அப்போது எல்லாக் கரியும் கீழேதான். இருபத்து நாலு கட்டி அடியில், எண்ணெயும் நெய்யும், பிரியாணி இலை, வெங்காயம், அரைத்த மசாலா, இரண்டு தக்காளி, புதினா மல்லி. கோழியைப் போட்டுப் பத்து நிமிடம். கோழியே ஒரு கப் தண்ணீர் விட்டுக்கொண்டது. அதற்கு மேல் நாலு கப் தண்ணீர், கொதிக்கக் கொதிக்க. காய்ந்த வார்ப்பிரும்பில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும் அபாயம் உண்டு. அதற்காகவே கேஸ் அடுப்பில் ஒரு கெட்டில் தயாராக வைத்திருந்தேன். அரைமணி ஊறிய அரிசி உள்ளே போனது. இதற்குள் சிம்னியில் இரண்டாம் ஈடு கரி வெளுத்துக்கொண்டிருந்தது.

தண்ணீரும் அரிசியும் சமமாகி, மேலே குழி குழியாக ஆவி கிளம்பும் நேரம்தான் தம் போடும் நேரம். அடியிலிருந்து கரியை இடுக்கியால் இழுத்தேன். ஏழே ஏழு ஓரத்தில் விட்டேன். மூடியைப் போட்டு மேலே புதுக்கங்கு பதினேழு, விளிம்பை ஒட்டி வட்டமாகப் பதிமூன்று, உள்ளே நாலு. மாவு பூசி அடைக்கவில்லை, மூடியின் கனமே ஆவியை அமுக்கிவிடும்.

அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து காற்று. காற்று வருகிற பக்கத்துக் கங்கு தகதகவென்று எரிந்தது, மறுபக்கம் சோம்பிக் கிடந்தது. பக்கத்து இடத்தில் முகாமிட்டிருந்த பெரியவர் ஒருவர் நடந்து வந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், தலையில் வைக்கோல் தொப்பி. சட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சட்டியைக் கால் சுற்று வலது பக்கமும் மூடியைக் கால் சுற்று இடது பக்கமும் திருப்பச் சொன்னார். அப்படித் திருப்பினால் சூடான இடம் ஒரே இடத்தில் நிற்காது. காற்றுப் பக்கம் ஐஸ் பெட்டியை நகர்த்தி மறைப்புக் கட்டினேன்.

அவர் திரும்பிப் போய் ஒரு சின்னச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பத்து அங்குலம். அதற்குள் பீச் கோப்ளர்: இரண்டு டின் பீச் பழம், அதன் மேல் ஒரு பெட்டி மஞ்சள் கேக் மாவைத் தூவி, வெண்ணெய்த் துண்டுகளைப் பரப்பியிருந்தார். கிண்டவே கூடாதாம். அந்தச் சட்டியை என் மூடி மேல், கங்குகளுக்கு நடுவே, மூன்று காலில் உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். என் பிரியாணிக்கு மேல்நெருப்பு, அவர் கோப்ளருக்கு அடிநெருப்பு, இரண்டும் ஒன்றே! அடியில் பழச்சாறு நிறைய இருப்பதால் கொஞ்சம் சூடு கூடினாலும் கருகாது என்றார். அவர் மூடி மேல் தனியாகப் பதினாலு கங்கு வைத்தார். இரண்டு சட்டிகளும் சேர்ந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு சின்னக் கோபுரம் போல நின்றன. மகள் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

இருபது நிமிடம் தம், பத்து நிமிடம் அடிக்கரி இல்லாமல் சும்மா. கோப்ளரைத் தூக்கித் தனிக் கங்கில் வைத்துவிட்டு, என் மூடியின் கங்கையும் சாம்பலையும் முதலில் தள்ளித் துடைத்தேன். பின்கட்டுப் பாடம் மறக்கவில்லை. மூடியை நேராக, ஆடாமல், மேலே தூக்கினேன். அரிசி ஒவ்வொன்றும் தலை தூக்கி நின்றது. கரண்டியை ஓரமாக விட்டு அடிவரை புரட்டினால், அடியில் பொன்னிறத்துக்குக் கொஞ்சம் மேலே, கருகலுக்குக் கொஞ்சம் கீழே, மெல்லிசாக ஒரு பொறுக்கு. அதற்கு மகளும் நானும் அடித்துக்கொண்டோம். பெரியவர் இரண்டு தட்டு சாப்பிட்டார், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. கோப்ளர் எங்களுக்குத் தித்திப்பு அதிகம், மேலே மொறுமொறுவென்று இருந்த பாகம் மட்டும் பிரமாதம்.

அதோடு விட்டிருக்கலாம். சனி இரவு வத்தக்குழம்பு வைக்கலாம் என்றேன்.

“ஏங்க, இரும்புல புளியா?”

“நல்லாப் பழக்கின சட்டிம்மா. ஒண்ணும் ஆகாது.”

சுண்டைக்காய் வற்றல், பூண்டு, கெட்டியாகக் கரைத்த புளி. அரைமணி நேரம் நன்றாகக் கொதித்தது. டார்ச் வெளிச்சத்தில் வத்தக்குழம்பு கறுப்பாகத் தெரிந்தபோது இருட்டின் வேலை என்று நினைத்தேன். வாயில் வைத்ததும் தெரிந்துவிட்டது. வாய்க்குள் பழைய நாலணாவை வைத்த ருசி. பிரியாணியில் தக்காளியும் தயிரும் இருந்தன, ஆனால் புளிப்பு குறைவு, நேரமும் குறைவு. கெட்டிப் புளி அரைமணி கொதித்தால் மூன்று மாதத்துப் பூச்சு தாங்காது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அப்பளத்தைத் தயிர்சாதத்தோடு சாப்பிட்டாள். அந்த மௌனம் புளியை விடக் காரமாக இருந்தது.

ஞாயிறு காலை சட்டிக்கு லீவு, மூடிக்கு வேலை. மூடியைத் திருப்பிப் போட்டு, மூன்று கல் மேல் வைத்து, அடியில் பத்துக் கங்கு. உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். தோசைக்கல்லுக்கும் ஆப்பச்சட்டிக்கும் நடுவே ஒரு சாமான். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெயில் தோய்த்துத் தேய்த்தேன், சுர்ரென்றது. முதல் தோசை வழக்கம் போல ஒட்டிக்கொண்டது. அது எந்தக் கல்லிலும் நடப்பதுதான். இரண்டாவது தோசையில் மாவை ஊற்றித் தேய்க்கப் போனால், மாவு தானாக நடுவுக்கு ஓடியது. தேய்ப்பதை விட்டுவிட்டு மூடியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றினேன், ஆப்பத்துக்குச் சுழற்றுவது போல. ஓரம் மெல்லிசாக முறுக, நடுவில் பஞ்சு மாதிரி எழும்பியது. பதினோரு தோசை. பெரியவருக்கு இரண்டு, பொடியும் நல்லெண்ணெயும் தொட்டுக்கொள்ள. என்ன எண்ணெய் இது என்று பாட்டிலை வாங்கி மோந்து பார்த்தார்.

வீட்டுக்கு வந்து சட்டியைக் கழுவினேன். இரும்புச் சட்டியில் சோப்பே படக்கூடாது என்று இங்கே ஒரு நம்பிக்கை உண்டு. அது அந்தக் காலத்துக் காரச் சோப்பைப் பற்றிய பேச்சு. இப்போதைய பாத்திரச் சோப்பு ஒரு சொட்டு ஒன்றும் செய்யாது. தண்ணீரில் ஊற வைப்பதுதான் கெடுதல். துடைத்து வெளிச்சத்தில் பார்த்தால், அடியில் உள்ளங்கை அளவுக்குச் சாம்பல் நிறத் திட்டு. புளி பூச்சைத் தின்றுவிட்டு வெறும் இரும்பைக் காட்டிக்கொண்டிருந்தது.

மறுபடி ஓவனுக்குள் வைத்து வீட்டைப் புகையாக்க மனைவி சம்மதிக்கவில்லை. அன்றைக்குச் சோறு வடித்த கஞ்சியைச் சூட்டோடு அதில் ஊற்றி மூடி வைத்தேன். நாள்தோறும் பழசைக் கொட்டிப் புதுக்கஞ்சி. மூன்றாம் நாள் கழுவி, அடுப்பில் காய வைத்து, நல்லெண்ணெயில் இரண்டு வெங்காயத்தைக் கறுக்கும் வரை வதக்கிக் கொட்டினேன். திட்டு முழுசாகப் போகவில்லை, ஆனால் ஓரங்களிலிருந்து கறுப்பு உள்ளே நகர்ந்திருக்கிறது. இப்போது சட்டிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு செய்தித்தாளை மடித்து வைத்து, காற்றோட்டமாகக் கராஜ் அலமாரியில் ஏற்றியிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.